எதிர்மலையில் நின்று பாருங்கள்: மலைச்சரிவு வீடுகளும் காட்சித் தாக்கமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு எல்லாம் தாண்டிக் கேத்தியை நெருங்கும்போது பள்ளத்தாக்கு சட்டென்று விரியும். கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட பாத்திகள், தேயிலைச் சரிவுகள், நடுநடுவே ஹட்டி என்று சொல்லப்படும் படுகர் ஊர்கள். பெட்டியில் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தச் சரிவுகளில் ஒன்றில் 40 வீடுகள் கொண்ட ஒரு மனைப்பிரிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்குப் பட்டா சரியாக இருக்கிறது. ஒவ்வொரு வீடும் விதிப்படி 7 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. தண்ணீருக்கும் சாக்கடைக்கும் வழி காட்டியிருக்கிறார்கள். இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். இதைக் கட்டி முடித்த பிறகு எதிர்மலையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மலை எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை முறைப்படி கேட்டு, அளந்து, பதில் எழுதுவதற்குத்தான் காட்சித் தாக்க மதிப்பீடு என்று பெயர்.

இதைச் சொன்னதும், அழகு ஆளுக்கு ஆள் மாறும், அதை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு கட்டடம் அழகா இல்லையா என்பதில் அண்ணன் தம்பிக்குள்ளேயே கருத்து வேறுபடும். ஆனால் அது எங்கிருந்தெல்லாம் தெரிகிறது, கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, பின்னால் இருக்கும் முகட்டை மறைக்கிறதா, அதைத் தினமும் பார்க்க வேண்டியவர்கள் யார், இவற்றில் கருத்துக்குப் பெரிய இடமில்லை. நேரில் போய்ப் பார்த்தும் கணக்குப் போட்டும் சொல்லிவிடலாம். அழகைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

பிரிட்டனில் நிலக்காட்சி வல்லுநர்கள் பின்பற்றும் வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு 2013-இல் வந்தது. அது தாக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று, நிலத்தின் இயல்புக்கு நேரும் மாற்றம். யாருமே பார்க்காவிட்டாலும் தேயிலைச் சரிவு வீட்டுமனை ஆகிவிட்டால் அந்த இடம் வேறு இடம்தான். மற்றொன்று, மனிதர் பார்க்கும் காட்சிக்கு நேரும் மாற்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

கொலுப்படிக் கணக்கு

சமவெளியில் 40 வீடு கட்டினால் சாலையிலிருந்து பார்ப்பவருக்கு முன்வரிசை மட்டுமே தெரியும். மற்றவை அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு வரிசை வேப்ப மரம் நட்டால் முன்வரிசையும் மறைந்துவிடும். மலைச்சரிவு அப்படி அல்ல. நவராத்திரிக்குக் கொலுப்படி ஏன் கட்டுகிறோம்? தரையில் அடுக்கினால் முன்னால் இருக்கும் பொம்மை பின்னால் இருப்பதை மறைக்கும், படியில் வைத்தால் ஒன்றுகூட மறையாது. மலைச்சரிவு இயற்கை கட்டிய கொலுப்படி. அதில் வைக்கும் ஒவ்வொரு வீடும் முழுதாகத் தெரியும்.

இதை எண்களில் பார்த்தால்தான் வேகம் புரியும். சரிவு 30 டிகிரி என்று கொள்வோம். வீடு கட்ட 12 மீட்டர் அகலத்தில் சமதளம் வேண்டும். மலையை உள்பக்கமாக வெட்டியே அந்தச் சமதளத்தை எடுத்தால் பின்னால் நிற்கும் வெட்டுச்சுவரின் உயரம் ஏறக்குறைய 7 மீட்டர் வரும். அதாவது வீட்டுக்கு அனுமதித்த அதே உயரம், வீடு வருவதற்கு முன்பே மண்ணிலும் கான்கிரீட் தடுப்புச் சுவரிலும் செலவாகிவிட்டது. பாதி வெட்டி, பாதி மண் நிரப்பினால் பின்னால் மூன்றரை மீட்டர், முன்னால் மூன்றரை மீட்டர் என்று பங்கு பிரியும். மொத்தம் குறையாது.

இனி வரிசைகள். 40 வீடுகளையும் வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசையில் அடுக்குவோம். சமதளத்துக்கு 12 மீட்டர், வண்டி வர 6 மீட்டர் சாலை. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட 10 மீட்டருக்கும் சற்று மேலே நிற்கும். கீழ் வரிசையின் தரையிலிருந்து மேல் வரிசையின் கூரை வரை அளந்தால் ஏறக்குறைய 48 மீட்டர். மாடிக்கு 3 மீட்டர் என்று கணக்கிட்டால் இது 16 மாடிக் கட்டடத்தின் உயரம். ஒரு வீடும் விதியை மீறவில்லை. ஆனால் எதிரே நிற்பவரின் கண்ணுக்கு, சரிவில் சாய்த்து வைத்த ஒரு 16 மாடிக் கட்டடம் தெரிகிறது.

தூரம் இதைச் சிறிதாக்காதா? ஆக்கும், நாம் நினைக்கும் அளவுக்கு அல்ல. வானத்தில் முழு நிலா சுமார் அரை டிகிரி அகலம். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் 9 மீட்டர் உயர வீடு ஏறக்குறைய நிலா உயரம்தான் தெரியும். தனி வீடு என்றால் கண் அதைக் கடந்து போய்விடும். நம் 48 மீட்டர் அடுக்கோ அதே தூரத்தில் ஐந்து நிலாக்களுக்கு மேல் உயரம். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 2 டிகிரி. அந்த அடுக்கைக் கட்டைவிரலைப் படுக்கவைத்து மறைக்க முடியாது.

நீலகிரியில் வீடு கட்டப் போகும் யாரைக் கேட்டாலும் 7 மீட்டர் என்ற எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். அது நல்ல விதி. அந்த விதி இல்லையென்றால் ஊட்டியும் குன்னூரும் எப்படி ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அது வீட்டைத்தான் பார்க்கிறது, மலையைப் பார்ப்பதில்லை. மனைப்பிரிவின் வரைபடமும் அப்படித்தான். மேலிருந்து பார்த்தபடி காகிதத்தில் வரையப்படுவது அது. அதில் ஐந்து வரிசையும் ஒரே தளத்தில் படுத்துக் கிடக்கும். மனிதர் யாரும் மலையை மேலிருந்து பார்ப்பதில்லை. எதிரிலிருந்து பார்க்கிறோம்.

கண்ணைக் குத்துவது எது

எல்லாக் கட்டடமும் ஒரே அளவில் உறுத்துவதில்லை. முதலில் வானவிளிம்பு. மலைமுகட்டில் நிற்கும் ஒரு சிறிய வீடு, சரிவின் நடுவே இருக்கும் பெரிய வீட்டைவிட முன்னால் கண்ணில் படும். பின்னணியில் வெறும் வானம் இருப்பதுதான் காரணம். அதோடு முகட்டு வீடு இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் தெரியும். ஹாங்காங் தன் நகர வடிவமைப்பு வழிகாட்டியில் இதற்கு ஓர் எண்ணே வைத்திருக்கிறது. குறிப்பிட்ட பார்வை இடங்களிலிருந்து பார்க்கும்போது, மலைமுகட்டுக்குக் கீழே 20 முதல் 30 விழுக்காடு வரையிலான பகுதியைக் கட்டடங்கள் மறைக்காமல் விட வேண்டும் என்பது அந்த வழிகாட்டி. உலகிலேயே மிக நெருக்கமாகக் கட்டிய ஊர்களில் ஒன்று தன் முகடுகளுக்கு இவ்வளவு இடம் விட நினைத்திருக்கிறது.

அடுத்தது கோடு. மலையில் நேர்க்கோடு கிடையாது. தேயிலை வரிசைகூடச் சரிவோடு வளைந்துதான் போகும். பழைய படுகர் ஹட்டியைத் தூரத்திலிருந்து பாருங்கள். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே சம உயரக் கோட்டில் வரிசையாக நிற்கும். மண்ணை அதிகம் வெட்டத் தேவைப்படாத அமைப்பு அது. இன்று ஹட்டிகளிலும் கான்கிரீட் வந்துவிட்டது, வண்ணங்கள் மாறிவிட்டன. அந்த வரிசை மட்டும் பல ஊர்களில் இன்னும் மலையோடு ஒத்துப்போகிறது. செங்குத்தாகச் சரிவை வெட்டிக்கொண்டு ஏறும் சாலையும், சதுரம் சதுரமாகப் பிரித்த மனைகளும் இதற்கு நேர் எதிரானவை.

நிறத்தைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். பச்சை, பழுப்பு நிறச் சரிவில் வெள்ளைச் சுவரும் வெயிலில் மின்னும் தகரக் கூரையும் எத்தனை கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். பின்னணியைவிடச் சற்றே அடர்ந்த, மண் சார்ந்த நிறம் அதே வீட்டைப் பாதியாகச் சுருக்கிக் காட்டும். செலவு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது.

பொக்லைன் இறங்கிய மறுநாள் தெரியும் செம்மண் காயத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் வாழ்பவர்கள் எல்லோரும் பார்த்ததுதான். அந்தக் காயம் நிலச்சரிவுக்கும் வழி திறக்கலாம். 2009 நவம்பர் மழையில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்து, நீலகிரி முழுதும் சரிவுகள் விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது மண்ணியல் வல்லுநர் பதில் சொல்ல வேண்டிய வேறு கேள்வி. காட்சித் தாக்க அறிக்கையைக் கொண்டு அதை மூடிவிடக் கூடாது, அதைக் கொண்டு இதையும் மூடிவிடக் கூடாது.

பார்ப்பவர் யார்

ஒரே காட்சி எல்லோருக்கும் ஒரே அளவில் முக்கியமல்ல. அதனால் மதிப்பீட்டில் பார்ப்பவர்களைப் பிரித்து எழுதுவார்கள். எதிர்ச்சரிவில் குடியிருப்பவர்கள், நடைப்பயணம் வருபவர்கள், சுற்றுலாப் பயணிகள், சாலையில் போகிறவர்கள் என்று. வீட்டுத் திண்ணையிலிருந்து ஆயுள் முழுதும் பார்க்கப் போகிறவருக்குத் தாக்கம் அதிகம், பஸ்ஸில் அரை நிமிடம் கடந்து போகிறவருக்குக் குறைவு என்பது பொதுவான முறை.

நீலகிரி மலை ரயில் இதில் ஒரு தனி வகை. 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ரயில் அது. யுனெஸ்கோ 2005-இல் அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதில் வருபவர் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதில்லை. வளைவுக்கு வளைவு அதே சரிவு மறைந்து, மறுபடி வேறு கோணத்தில் திரும்பி வரும். எனவே ஒரு ரயில் நிலையத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் போதாது, பாதை நெடுக எத்தனை முறை, எவ்வளவு நேரம் தெரிகிறது என்று கணக்கிட வேண்டும்.

வழிகாட்டி நூல்களோடு எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் உண்டு. வேலையிடத்தில் இருப்பவர்களின் கவனம் வேலையில் இருக்கும், ஆகவே காட்சி மாற்றம் அவர்களை அதிகம் பாதிக்காது என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அலுவலகத்தில் திரைக்கு முன்னால் இருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் வழி கேட்டு நின்றேன். எதிர்ச்சரிவில் புதிதாக வெட்டிய இடத்தைக் கையால் காட்டினார். "அந்தச் செம்மண்ணுக்கு வலப்பக்கம் ஒரு பெரிய மரம் இருந்தது தம்பி. அதில் வெயில் விழுவதை வைத்துத்தான் நாங்கள் சாப்பாட்டு நேரம் பார்ப்போம்" என்றார். கூடையை இறக்காமலே பேசினார், கை பறிப்பதை நிறுத்தவில்லை. காலை முதல் மாலை வரை அந்தச் சரிவைப் பார்த்தபடி நிற்பவர் அவர். அவரைக் கணக்கில் கடைசியில் வைக்கும் எந்த அட்டவணையும் நீலகிரிக்குப் பொருந்தாது.

முன்கூட்டியே பார்ப்பது எப்படி

கணினியில் செய்யும் முறை ஒன்று உண்டு. நில உயரத் தரவை உள்ளிட்டு, கட்டப்போகும் கூரையின் உச்சியிலிருந்து சுற்றியுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நேர்க்கோடு இழுத்துப் பார்க்கும். நடுவே மலை மறித்தால் தெரியாது, மறிக்காவிட்டால் தெரியும். தெரியும் இடங்களுக்கு எல்லாம் வண்ணம் பூசிய வரைபடம் கிடைக்கும். மரங்களையும் கட்டடங்களையும் இந்த முறை பெரும்பாலும் கணக்கில் எடுக்காது என்பதால் உண்மையைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். அதனால் வரைபடத்தோடு நேரில் போயும் சரிபார்ப்பார்கள்.

கணினி இல்லாதவருக்கும் வழி உண்டு. மனையில் போய் நின்று சுற்றிப் பாருங்கள். அங்கிருந்து எந்த ஊர், எந்தச் சாலை, எந்த ரயில் வளைவு தெரிகிறதோ, அங்கிருந்தெல்லாம் அந்த மனையும் தெரியும். பள்ளத்தாக்கு முழுதும் தெரியும் வீடு என்று விளம்பரத்தில் போட்டால், பள்ளத்தாக்கு முழுதுக்கும் அந்த வீடு தெரியும் என்று படித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு வருவது ஒட்டுப்படம். இன்றைய காட்சியைப் படமெடுத்து, அதன் மேல் வரப்போகும் கட்டடத்தைச் சரியான அளவில் வரைந்து காட்டுவது. ஏமாற்றம் அதிகம் நடக்கக்கூடிய இடமும் இதுதான். அகலக் கோண லென்ஸில் எடுத்தால் தூரத்து மலை சுருங்கும், கட்டடமும் சேர்ந்து சுருங்கும். பறவைப் பார்வையில் வரைந்தால் வரிசைகள் தட்டையாகிவிடும். 20 வயது மரங்களை முதல் நாளே வரைந்து வைத்தால் பாதி வீடு மறையும். கொஞ்சம் பனிமூட்டம் சேர்த்தால் மீதியும் மறையும். கண்ணால் பார்ப்பதற்கு நெருக்கமானது 50 மில்லிமீட்டர் லென்ஸ். கண் உயரத்தில், மனிதர் உண்மையில் நிற்கும் இடத்தில், வானம் தெளிந்த நாளில் எடுத்த படமா என்று கேளுங்கள். மரம் நடுவதாகச் சொன்னால் கட்டி முடித்த முதல் ஆண்டுக்கு ஒரு படம், 15-ஆம் ஆண்டுக்கு ஒரு படம் என்று இரண்டு கேளுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும். விளக்கு எரியும் இரவுப் படத்தையும் கேட்கலாம். இருட்டாக இருந்த சரிவில் 40 வாசல் விளக்குகள் சிறிய மாற்றமல்ல.

எனக்கு மிகவும் பிடித்த முறை சுவிட்சர்லாந்துடையது. அங்கே பரவலாக, அனுமதி கேட்கும்போதே கட்டப்போகும் கட்டடத்தின் மூலைகளிலும் கூரை உயரத்திலும் மனையில் கம்பங்கள் நட்டுக் காட்ட வேண்டும். அண்டை வீட்டார் வந்து பார்த்து ஆட்சேபிக்க அது வாய்ப்பு. கலிபோர்னியாவின் பல மலையோர ஊர்களிலும் கம்பம் நட்டு ஆரஞ்சு வலை கட்டும் வழக்கம் இருக்கிறது. நம் ஊரில் மூங்கிலுக்கும் பழைய துணிக்கும் என்ன பஞ்சம்? நாற்பது வீட்டுக்கும் மூங்கில் நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டி, இரண்டு வாரம் விட்டால் போதும். படிக்கத் தெரியாதவர்கூட எதிர்மலையிலிருந்து பார்த்துக் கருத்துச் சொல்லிவிடுவார். எந்த அறிக்கையும் இவ்வளவு நேர்மையாகப் பேசாது.

சட்டம் என்ன கேட்கிறது

நம் சட்டங்கள் இந்தக் கேள்வியை அறியாதவை அல்ல. தமிழ்நாட்டில் 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 1993-இல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள் வந்தன. கட்டட வரைபடங்களைப் பார்க்கும் ஒரு குழுவின் பெயரிலேயே அழகியல் என்ற சொல் இருக்கிறது. கொடைக்கானலில் இரண்டு மாடிக்கு மேல் கூடாத இடத்தில் ஏழு மாடி ஓட்டல் எழுந்தபோது பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் சென்றதும், வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போனதும் மலை நகரங்களில் இன்னும் பேசப்படுகிறது.

மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டடத் திட்டங்களுக்கென்று ஒரு படிவம் உண்டு. அழகியல் என்ற தலைப்பின் கீழ், இந்தக் கட்டுமானம் காட்சியையோ இயற்கை எழிலையோ நிலக்காட்சியையோ மறைக்குமா என்று அது நேரடியாகவே கேட்கிறது. கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. எங்கிருந்து பார்த்து, எப்படி அளந்து பதில் எழுத வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. இல்லை என்ற ஒரு சொல்லோடு கடந்துவிட முடியும். அதுவும் 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டப்படும் திட்டங்களுக்குத்தான் அந்த அறிவிக்கை பொருந்தும். நம் 40 வீடுகள், வீட்டுக்கு 150 சதுர மீட்டர் என்றால், 6,000 சதுர மீட்டர்தான். கேள்வியே எழாது.

வீடே கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையில் பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். அதே 40 வீடுகளை முகட்டை விட்டு இறக்கி, மலையின் மடிப்புக்குள் மூன்று சிறு கூட்டமாகப் பிரித்து, நடுவே இருக்கும் சில்வர் ஓக் மரங்களை வெட்டாமல் விட்டு, சம உயரக் கோட்டில் வளைத்து அடுக்கினால் எதிரே நிற்பவருக்கு ஒரு ஊர் தெரியும். சாய்த்து வைத்த 16 மாடிக் கட்டடம் தெரியாது. இந்த மாற்றங்களைக் காகிதத்தில் செய்ய ஒரு வாரம் போதும். தடுப்புச் சுவர் எழுந்த பிறகு எவராலும் செய்ய முடியாது.

உங்கள் ஊர்ச் சரிவில் இப்படி ஒரு திட்டம் வருவதாகக் கேள்விப்பட்டால், பனி விலகிய ஒரு ஜனவரிக் காலையில் எதிர்மலைக்குப் போங்கள். கைபேசியில் எடுத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள், 50 மில்லிமீட்டருக்கு அருகில் வரும். கண் உயரத்தில் பிடியுங்கள். இடம், தேதி, நேரம் எழுதிக்கொள்ளுங்கள். டீக்கடை வாசல், பள்ளிக்கூடத்துப் படி, கோயில் முற்றம், ரயில் வளைவு, கொழுந்து பறிக்கும் பாத்தி என்று ஐந்து இடத்தில் எடுத்தால் போதும். மனை இருக்கும் இடத்தைப் படத்தில் வட்டமிட்டு, திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவோடு இணைத்து, இந்த ஐந்து இடங்களிலிருந்தும் ஒட்டுப்படம் தயாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் மூங்கிலும் நடச் சொல்லுங்கள்.